10 சென்ட் இடம், நாலு பேர் குடும்பம்: வீட்லயே எவ்வளவு தூரம் தன்னிறைவு ஆக முடியும்?

கீரனூர்க்காரன்
எல்லாருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம். 10 சென்ட் இடத்துல 1000 சதுர அடிக்கு வீடு கட்டி குடிவந்தாச்சு. மிச்ச இடம் சும்மா கிடக்கு. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை, கடப்பாரை போட்டா "ணங்"னு திரும்பி வருது. போர் தண்ணி கொஞ்சம் உப்பு. வீட்ல நானும் மனைவியும், பையன், எங்க அம்மா.

ரெண்டு வருஷத்துல வீட்டுக்கு வேணும்ங்கற சாமான்ல பாதியாவது வீட்லயே விளையணும்னு ஆசை. காய்கறி, முட்டை, முடிஞ்சா அரிசி, எண்ணெய், பால், கரண்ட், காஸ். வீடியோ பாத்துப் பாத்து தலை சுத்துது. ஒருத்தர் காடை வளருங்கறார், ஒருத்தர் அசோலா (தண்ணியில மிதக்கற தீவனச் செடி) போடுங்கறார், இன்னொருத்தர் மாடு இல்லாட்டி எதுவுமே நடக்காதுங்கறார். எதுல ஆரம்பிக்கலாம், எதுல கையே வைக்கக்கூடாது? செஞ்சு பாத்தவங்க சொன்னா நல்லாருக்கும்.

கணக்குப்பிள்ளை (தாம்பரம்)
தம்பி, முதல் வேலையா உங்க பட்டியல்ல இருந்து அரிசியை அடிச்சிடுங்க. ஏக்கருக்கு 2 டன்னிலிருந்து 2.4 டன் நெல் எடுத்தாலே நல்ல வெள்ளாமைதான். சென்ட்டுக்குப் பிரிச்சா 20–24 கிலோ நெல். அரைச்சு வந்தா 13–15 கிலோ அரிசி. நாலு பேர் வீட்ல மாசம் 30 கிலோ ஆகும்னு வையுங்க, வருஷத்துக்கு 360 கிலோ. ஒரு போகம்னா 25 சென்ட் வேணும், அதுவும் தண்ணி நிக்கிற வயலா. உங்ககிட்ட வீடு, நடைபாதை, செப்டிக் டேங்க் போக 6 சென்ட் தேறினா பெரிசு. ரேஷன்ல விலையில்லாம அரிசி போடற மாநிலத்துல, சரளைத் தரையில நெல்லு நட்டுட்டு உக்காந்திருக்காதீங்க.

எண்ணெயும் அதே கதைதான். ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய்க்கு 10–12 காய் வேணும். நல்லா பாத்துக்கிட்ட மரம் வருஷத்துக்கு 80–100 காய் தரும். மொத்தத்தையும் கொப்பரையாக்கினாக்கூட ஒரு மரத்துக்கு 8 லிட்டர். அப்புறம் சட்னிக்கு என்ன பண்ணுவீங்க? தென்னை வையுங்க, வேண்டாங்கல. ஆனா எண்ணெய்க்குன்னு வைக்காதீங்க.

"பாதி" எதுல பாதின்னு முதல்ல முடிவு பண்ணுங்க. எடையில பாதியா, காசுல பாதியா, இல்ல கடைக்குப் போற தடவையில பாதியா? எடைன்னா நடக்காது, தட்டுல கனமா உக்காந்திருக்கறது சோறுதான். கடைக்குப் போறதைக் குறைக்கறதுன்னா ஆறே மாசத்துல முடியும். கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சைமிளகாய், எலுமிச்சை, முட்டை. ஓடி ஓடி வாங்கறது இதைத்தானே?

மொட்டைமாடி (கோவை)
கணக்குப்பிள்ளை சார் சொன்னதுல கடைசி பத்தியை அப்படியே வழிமொழியறேன். நான் ஆரம்பிச்சதும் கீரையிலதான், இன்னைக்கு வரைக்கும் நிக்காம ஓடறதும் கீரைதான்.

சிறுகீரை விதைச்சு 25 நாள்ல வேரோட பிடுங்கலாம். அரைக்கீரையைப் பிடுங்காதீங்க, அடியில ரெண்டு விரக்கடை விட்டு அறுத்தா மறுபடி துளிர்க்கும். முழுப் பாத்தியையும் ஒரே நாள்ல விதைக்காதீங்க, வாரத்துக்கு ஒரு பட்டை. இல்லன்னா ஒரு வாரம் தெருவுக்கே கீரை குடுப்பீங்க, அடுத்த மூணு வாரம் கடையில வாங்குவீங்க.

விதை கடுகைவிட பொடிசு. நாலு பங்கு மணல் கலந்து தூவிட்டு, மேல மண்ணு போடாம கையால லேசா தடவி விடுங்க. பூவாளியில மட்டும் தண்ணி. பைப்பைத் திறந்து விட்டா விதை எல்லாம் ஒரு மூலையில போய் ஒதுங்கி, அங்க மட்டும் காடு மாதிரி முளைக்கும். அன்னைக்கு சாயங்காலமே எறும்பு வரிசை கட்டி விதையைத் தூக்கும். பாத்தி ஓரமா நொய்யரிசி தூவி விடுங்க. எறும்புக்குப் பக்கத்துலயே பெரிசா ஒண்ணு கிடைச்சுட்டா உள்ள வராது. இதை எங்க மாமியார் சொன்னப்ப நம்பல, பாத்தப்புறம் நம்பினேன்.

விதைக்காமலே வர்றதும் இருக்கு. தவசிக்கீரை, பொன்னாங்கண்ணி ரெண்டும் குச்சி ஒடிச்சு நட்டா போதும். கொடிப்பசலை கம்பி வேலியில ஏறிக்கும். மணத்தக்காளியைக் குருவியே விதைச்சுட்டுப் போகும்.

முருங்கை ரெண்டு வையுங்க, ரெண்டும் வேற வேற ரகமா. ஒண்ணு பிகேஎம்-1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட செடிமுருங்கை, விதை போட்டு ஆறேழு மாசத்துல காய்க்கும். இன்னொண்ணு நாட்டு மரமுருங்கை, போத்து (கிளைத் துண்டு) வெட்டி நடறது, வலையபட்டி ரகம், மூலனூர் ரகம் மாதிரி. காய்க்க நாளாகும், ஆனா பல வருஷம் நிக்கும். வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி நடுங்க. மழை மாசத்துல கம்பளிப்பூச்சி அடைய ஆரம்பிச்சா சுவர் பூரா ஏறும், குழந்தை இருக்கற வீடு வேற.

கீரனூர்க்காரன்
அக்கா, இந்தச் சரளையில கீரை வருமா?

மொட்டைமாடி (கோவை)
தரையில வராது, தரைக்கு மேல வரும். தோண்டவே தோண்டாதீங்க. ஹாலோ பிளாக் ஒரு வரிசை வச்சு ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி கட்டுங்க. அடியில காஞ்ச சருகு, தென்னை மட்டை, கரும்புச் சக்கை எது கிடைச்சாலும் அரை அடிக்கு. மேல தொழுவுரமும் வண்டலும். உங்க ஊர்ல கண்மாய்க்குக் குறைச்சலே இல்ல, கோடையில வண்டல் எடுக்க தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்தா அனுமதி தர்றாங்க. மண்ணுக்குக் காசு இல்ல, டிராக்டர் வாடகைதான். நர்சரியில பை பையா செம்மண் வாங்கறதை விட எவ்வளவோ மேல்.

சும்மா வந்தவன்
மன்னிக்கணும், ஒரு சந்தேகம். கீரைக்கட்டு 20 ரூபாய். அதுக்கு ஹாலோ பிளாக், டிராக்டர், தொழுவுரம், நிழல்வலை, வேப்பம்புண்ணாக்கு, காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். இதுக்குப் பேரு தன்னிறைவா, பொழுதுபோக்கா? பொழுதுபோக்குன்னா சண்டையே இல்ல, நல்லா செய்யுங்க.

கணக்குப்பிள்ளை (தாம்பரம்)
நியாயமான கேள்விதான். நிழல்வலை மூணு நாலு கோடைக்கு மேல தாங்காது, கிழிஞ்சு தொங்கும். குரோ பேக்கும் அப்படித்தான். அதையெல்லாம் கூலியோட சேத்துப் பாத்தா முதல் வருஷம் வீட்டுக் கத்திரிக்காய் கடைக் கத்திரிக்காயை விட விலை ஜாஸ்திதான். இல்லைன்னு சொல்றவங்க கணக்கு எழுதறதில்ல.

ஆனா எல்லாப் பயிருக்கும் ஒரே கணக்கு இல்ல. முருங்கை, கறிவேப்பிலை, வாழை, பப்பாளி, எலுமிச்சை, நார்த்தை, அகத்தி: நட்டதுக்கப்புறம் உங்க நேரத்தை அதிகம் கேக்காது. தக்காளி, கத்திரி, காலிஃபிளவர்: தினம் கூப்பிடும். முதல் கோஷ்டியில நாலுல மூணு பங்கு இடம், ரெண்டாவதுல ஒரு பங்கு. நம்மாளுங்க அப்படியே தலைகீழா செய்வாங்க. ஒரு சீசன் அசுவினி, மாவுப்பூச்சியோட மல்லுக்கட்டிட்டு, தை மாசம் தொட்டியெல்லாம் கவுத்து வச்சிடுவாங்க.

சும்மா வந்தவன்
சரி, இது ஒத்துக்கிறேன்.

சிறுவிடை (திண்டுக்கல்)
கோழி பத்தி யாரும் பேசலையே. நான் நாலஞ்சு தலைமுறையா கோழி வளக்குற குடும்பம், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

நாட்டுக்கோழின்னா சும்மா முட்டையா கொட்டும்னு நெனைக்காதீங்க. சிறுவிடைங்கற சின்ன நாட்டுக்கோழி ஒரு அடைக்கு 12–15 முட்டை இடும், அப்புறம் அடையில உக்காந்துரும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சோட மேயும். வருஷத்துக்கு 60–80 முட்டைதான் கணக்கு. நாலு பேருக்குத் தினம் ஆளுக்கு ஒண்ணுன்னா வருஷம் 1460 முட்டை. இருபது பொட்டைக்கு மேல வேணும், உங்க இடத்துல தாங்காது, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். முட்டைதான் வேணும்னா கிராமப்ரியா மாதிரி ரகம் இருக்கு. ஹைதராபாத்ல மத்திய அரசு கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கினது, 200-க்கு மேல இடும். ஆனா அது அடை உக்காராது. குஞ்சுக்கு மறுபடி வெளியதான் போகணும். அதனால எங்க பக்கம் ரெண்டையும் சேத்து வளப்பாங்க. சிறுவிடை ரெண்டு மூணு இருந்தா எந்த முட்டையை வச்சாலும் பொரிச்சுக் குடுத்துரும்.

தீனியை விட முக்கியம் வெள்ளைக்கழிச்சல் நோயைத் தடுக்கறது. கோடை ஆரம்பத்துல வரும். காலையில ஒண்ணு தலையைத் தொங்கப் போடும், மூணாம் நாள் கூடு காலி. ஒரு வாரக் குஞ்சுக்கு லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணுல ஒரு சொட்டு மூக்குல ஒரு சொட்டு. எட்டு வாரத்துல அதே நோய்க்கு ஆர்.டி.வி.கே. தடுப்பூசி, இறக்கைக்கு அடியில தோலைத் தூக்கிப் போடணும். அரசு கால்நடை மருந்தகத்துல பிப்ரவரி வாக்குல முகாம் போட்டு இலவசமாவே போடுறாக. மருந்தை ஐஸ்ல வச்சுத்தான் கொண்டாரணும். சட்டைப்பையில போட்டுக்கிட்டு பஸ்ல வந்தா பச்சைத்தண்ணிதான் போட்ட மாதிரி.

கூடு தரையில இருந்து ரெண்டடி உயரத்துல இருக்கட்டும். கோழிவலைன்னு விக்கிற அறுகோண வலையை நம்பாதீங்க. கோழி வெளிய போகாது, ஆனா கீரி உள்ள வந்துரும். சின்னக் கண்ணு வெல்டு மெஷ் (பத்தவச்ச கம்பிவலை) போடுங்க. ராத்திரி கதவைச் சாத்துற ஆள் யாருன்னு வீட்ல இப்பவே பேசி வச்சுக்கங்க, அதுலதான் எல்லாக் கோழியும் போகுது.

வடமராட்சி வளவு (யாழ்ப்பாணம்)
இந்த இழையை ஆரம்பத்திலயிருந்து வாசிச்சுக்கொண்டு வாறன். எங்கட பக்கத்துக் கதையும் கொஞ்சம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

எங்களுக்கு இது ஆசையில வந்த விசயம் இல்லை. 90-களில யுத்த நேரம் எங்கட பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருக்கேக்க மண்ணெண்ணெய் பவுணுக்குச் சமன். ஜாம் போத்திலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு வைச்சு, அதில சொட்டு எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்திலதான் நாங்கள் படிச்சனாங்கள். சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில ரேடியோ பாடும். பிறகு 2022-ல திரும்பவும் ஒருக்கா. 2021-ல இலங்கை அரசாங்கம் ஒரே அடியா ரசாயன உரத்துக்குத் தடை போட்டு, அந்த வருசம் முடியிறதுக்குள்ளயே எடுத்தாங்கள். அடுத்த வருசம் டொலர் இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. ஆனி மாதம் அரசாங்கமே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து, வீட்டில தோட்டம் செய்யுங்கோ எண்டு சொன்னது. தோட்டம் வெள்ளிக்கிழமையில மட்டும் வளராது எண்டது வேற கதை.

அந்த ரெண்டு காலத்திலையும் எங்களைத் தாங்கினது தக்காளியும் கோவாவும் (முட்டைக்கோஸ்) இல்லை. மரவள்ளி, முருங்கை, பனை, ஆடு. கீரனூர்த் தம்பி மரவள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையே? தடியை ஒரு சாண் துண்டாய் வெட்டி ஊண்டினால் காணும். சரளையிலயும் வரும், கிழங்கு கொஞ்சம் சின்னனா இருக்கும். மாவுச்சத்துக்கு நெல்லை நம்புறதை விட்டுட்டு வேலி ஓரம் மரவள்ளி, வத்தாளை (சர்க்கரைவள்ளி), இராசவள்ளிக் கிழங்கு போடுங்கோ.

பனங்கொட்டையைப் பாத்தி கட்டி அடுக்கி மூடிவிட்டால் தைப்பொங்கலுக்குக் கிட்டக் கிழங்கு கிண்டலாம். பச்சையாப் பிளந்து காயவைச்சால் ஒடியல், அவிச்சுக் காயவைச்சால் புழுக்கொடியல். ஒடியல் மா இருந்தால் வருசம் முழுக்கக் கூழ் காய்ச்சலாம். உங்கட புதுக்கோட்டையிலயும் பனை நிக்குதுதானே.

வேலியைச் சும்மா கம்பியில அடியாதையுங்கோ. எங்கட வேலி கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால் (ஊண்டினால் துளிர்க்கிற தடி). குழை வெட்டி ஆட்டுக்குப் போடலாம், வாழைக்கு உரமாத் தாழ்க்கலாம் (புதைக்கலாம்). எல்லாத்தையும் ஒரு வளவுக்குள்ள செய்ய நிக்காதையுங்கோ. எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டில கறவை ஆடு, ஒரு வீட்டில கோழி, எங்களிட்டக் கிணத்தில நல்ல தண்ணி. முட்டை இங்கால வரும், தண்ணி அங்கால போகும். ஆரும் கணக்கு எழுதினதில்லை.

கணக்குப்பிள்ளை (தாம்பரம்)
அம்மா, மரவள்ளியை விட்டது என் தப்பு இல்ல, தம்பி கேக்கல. 😀 ஆனா நீங்க சொன்னது சரி. இடத்துக்கு மாவுச்சத்து கணக்குப் பாத்தா கிழங்கு பக்கத்துல நெல் நிக்கவே முடியாது.

ஊருணிப்பட்டி (காரைக்குடி)
எல்லாரும் தண்ணியை மறந்துட்டுப் பேசறீங்களே. போர் தண்ணி உப்புன்னு அவர் முதல் பதிவுலயே சொல்லிட்டார்.

1 சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பெஞ்சா 1 லிட்டர். 1000 சதுர அடி மாடின்னா 93 சதுர மீட்டர். உங்க பக்கம் வருஷத்துக்கு சுமாரா 900 மி.மீ. மழை. வழிஞ்சது, ஆவியானது போக ஐந்துல நாலு பங்கு பிடிச்சாலும் 65,000 லிட்டருக்கு மேல வரும். நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு 25 லிட்டர் போதும், வருஷத்துக்கு 9,000-தான். 10,000 லிட்டர் மூடின தொட்டி ஒண்ணு கட்டினா ஐப்பசி, கார்த்திகை மழையிலயே நிரம்பிடும், அடுத்த ஐப்பசி வரைக்கும் கேன் தண்ணி வாங்க வேண்டாம். செட்டிநாட்டு வீடுகள்ல முற்றத்துத் தண்ணியை அண்டாவில பிடிச்சு வச்சதும், இந்தச் சீமை முழுக்க ஊருணித் தண்ணியைக் குடிச்சு வாழ்ந்ததும் நேத்திக்குச் சமாச்சாரம் இல்ல. 2003-ல தமிழ்நாடு பூரா மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தப்ப பாதிப் பேர் கண்துடைப்புக்கு ஒரு பைப்பை மண்ணுக்குள்ள விட்டாங்க. நீங்க அப்படிச் செய்யாதீங்க.

முதல் மழைத் தண்ணியை வெளிய விட ஒரு தனி வால்வு வேணும், மாடியில இருக்கற புறா எச்சம் அதுலதான் போகும். அடுத்து கரி, மணல், கூழாங்கல் வடிகட்டி. தொட்டிக்குள்ள வெளிச்சம் ஒரு பொட்டு கூடப் போகக்கூடாது, போனா பாசி. காத்துக்குழாய்க்குக் கொசுவலை கட்டாயம், டெங்கு காலம்.

தோட்டத்துக்கு இந்தத் தண்ணி பத்தாது. கோடையில ஒரு சென்ட் காய்கறிக்கு நாளைக்கு 200 லிட்டர் இழுக்கும். அதனால காய்கறி ரெண்டு சென்ட்டுக்கு மேல வேணாம். பாத்திரம் கழுவுற தண்ணியைக் கல்வாழை, சேம்பு நட்ட பாத்தி வழியா விட்டு வாழைக்குத் திருப்புங்க.

வெயிலோன் (மதுரை)
சோலார் நிறுவற தொழில்ல இருக்கேன், அதனால விக்கப் பாக்கறான்னு நினைக்காதீங்க. வீடு நாலு பேர், ஏசி இல்லன்னா உடனே ஓடாதீங்க. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்ங்கற ஊர்ல, குறைவா செலவு பண்ற வீட்டுக்குப் போட்ட காசு திரும்ப ரொம்ப வருஷம் ஆகும். பில் பெரிசா வர்ற வீட்டுக்குத்தான் சோலார் லாபம். 2024-ல ஆரம்பிச்ச பிரதமர் சூரிய வீடு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரைக்கும் மானியம் உண்டு. நம்ம வெயிலுக்கு 1 கிலோவாட் தட்டு நாளைக்கு 4 யூனிட் தரும்.

யாரும் முன்னாடியே சொல்லாத விஷயம் ஒண்ணு: மின்வாரியத்தோட இணைச்ச சோலார், கரண்ட் போனா அதுவும் நின்னுடும், நட்டநடு வெயில்ல கூட. கம்பத்துல வேலை பாக்கற லைன்மேன் மேல கரண்ட் பாயக்கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. கரண்ட் போனாலும் ஓடணும்னா பேட்டரி வேணும், அது தனிச் செலவு.

சாண எரிவாயு: 1 கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம். சிலிண்டர் காஸ் கணக்குல சொன்னா அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. நாலு பேர் சமையலுக்கு ரெண்டு மூணு மாடு வேணும். சமையலறைக் கழிவை மட்டும் போட்டா காலை டீயும் ஒரு சாம்பாரும் ஓடும். சிலிண்டரைத் திருப்பிக் குடுத்துடாதீங்க.

கீரனூர்க்காரன்
ரொம்ப நன்றி, எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. மாட்டு விஷயம்தான் வீட்ல பிரச்சினை. அம்மா ஒரே பிடியா மாடு வேணும்ங்கறாங்க. நானும் மனைவியும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்.

சிறுவிடை (திண்டுக்கல்)
கறவை மாடு ஒண்ணு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் தின்னும். உங்க 6 சென்ட் முழுக்கத் தீவனப்புல் போட்டாலும் பத்தாது, வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாம் விலைக்குத்தான். அப்புறம் ஒரு கல்யாணத்துக்குக் கூட ராத்தங்கல் போக முடியாது. அம்மாவுக்குத் துணைக்கு ஏதாவது வேணும்னா ரெண்டு வெள்ளாடு வாங்கிக் குடுங்க, அகத்தியும் முருங்கைக் குழையும் வேலியிலயே இருக்கு. ஆனா கீரைப் பாத்திக்கு முதல்ல வேலி, அப்புறம் ஆடு. முறை மாறிச்சுன்னா எனக்கு ஃபோன் போடாதீங்க.

வடமராட்சி வளவு (யாழ்ப்பாணம்)
அம்மான்ர பக்கத்தையும் கேளுங்கோ தம்பி. ராத்திரிக் கோழிக்கூட்டுக் கதவு சாத்தப்போறதும், பகல் முழுக்கத் தோட்டத்தைப் பாக்கப்போறதும் அவதான். நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போற ஆக்கள். எது வைக்கிறது எண்டு முடிவெடுக்கிறதில அவவுக்குத்தான் முதல் சொல்.

சும்மா வந்தவன்
இந்த இழையில வந்ததுலயே உருப்படியான பதில் இதுதான்.

கீரனூர்க்காரன்
உண்மைதான். இன்னைக்கு சாயங்காலம் அம்மாவை உக்கார வச்சு இதைப் படிச்சுக் காட்டினேன். ஆட்டுக்கு "பாப்போம்"னு சொல்லியிருக்காங்க. மரவள்ளிக்கு உடனே சரி. தொட்டிக்குக் கொத்தனார்கிட்ட பேசியாச்சு. ஒரு சின்னச் சந்தேகம்: எங்க பக்கம் மயில் தொல்லை அதிகம், காலையில கூட்டமா வரும். நாத்து நட்டா மிஞ்சுமா?

மொட்டைமாடி (கோவை)
மிஞ்சாது. கோவையிலயும் இதே பாடுதான். வனவிலங்குச் சட்டத்துல இருக்கற பறவை, விரட்டத்தான் முடியும், வேற ஒண்ணும் செய்யக்கூடாது. பழைய சேலை, பளபளா ரிப்பன் எல்லாம் ஒரு வாரம் வேலை செய்யும், அப்புறம் அது மேலயே உக்காரும். பாத்தி மேல வளைச்சு பிவிசி பைப் நட்டு நைலான் வலை போடுங்க, நாலு ஓரமும் செங்கல் வச்சு அழுத்தணும், இல்லன்னா கழுத்தை உள்ள விட்டு இழுக்கும். முருங்கை, மரவள்ளி, கறிவேப்பிலையை அது பெரிசா சீண்டாது.

சிறுவிடை (திண்டுக்கல்)
ஆமா. அப்புறம் குஞ்சு வாங்குறதா இருந்தா ஐப்பசி, கார்த்திகை அடைமழையில வாங்காதீங்க, சளி பிடிச்சு செத்துப்போகும். தை பொறக்கட்டும். சந்தையில வாங்காம தெரிஞ்ச வீட்ல, தாய்க்கோழியோட வாங்குங்க. விலை கூடத்தான் இருக்கும், குடுத்துருங்க.